என் அக்கா பேயான கதை

போன வாரம் கடலூர் உழவர் சந்தையில் என் அக்காவைப் பார்த்து ஒரு அம்மாள் "அய்யோ!" என்று அலறினார்.

சாதாரண அலறல் இல்லை. கையில் இருந்த சுரைக்காயைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

என் அக்கா என்ன செய்தாள்? குனிந்து சுரைக்காயை எடுத்தாள். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். "பிஞ்சுதாம்மா... நல்லாப் பாத்துதான் வாங்கியிருக்க" என்று திருப்பி நீட்டினாள்.

அந்த அம்மாள் வாங்கவில்லை. பேய் கொடுக்கிற சுரைக்காயை யார் வாங்குவார்கள்?

ஆமாம்... கடலூர் வட்டாரத்தில் இப்போது என் அக்கா ராஜேஸ்வரி ஒரு பேய். சினிமாப் பேய். சினிமா என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சுரைக்காய் கீழே விழுகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அக்கா வீடு மஞ்சக்குப்பத்தில். பழைய மாடி வீடு. உள்ளே ஒரு மரப் படிக்கட்டு. கால் வைத்தால் முனகும், வேகமாக ஏறினால் அழும். அக்காவின் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன் மாமா அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் படிக்கட்டைச் சரி செய்யக் கார்பென்டரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து சினிமா கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

"பேய்ப் படம் எடுக்குறோம் சார். இந்த வீடும் படிக்கட்டுச் சத்தமும் அப்படியே வேணும்."

மாமா அன்றைக்கே கார்பென்டருக்கு போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஷூட்டிங் முடியும்வரை அக்காவும் மாமாவும் நெல்லிக்குப்பத்தில் என் வீட்டில் தங்குவது என்று ஏற்பாடு.

இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், ஆர்ட் டைரக்டர் என்று ஒரு தம்பி ஓடிவந்தார். "அம்மா, கதையில இந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்கன்னு வருது. ஹால்ல மாட்ட ஒரு போட்டோ வேணும். உங்களுது குடுப்பீங்களா?"

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் வீடுகளில் போட்டோ மாட்டுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு இல்லையா? உயிரோடு இருப்பவர்கள் சுவரில் ஏற வேண்டும் என்றால் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். மாலையும் கழுத்துமாகக் கல்யாண போட்டோ இருக்கலாம். குடும்பத்தோடு நிற்கலாம். ஆனால் ஒற்றை ஆள், பெரிய ஃபிரேம், வாசலுக்கு நேரே உயரத்தில் என்றால்... ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் தானாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

அக்காவிடம் அப்படி ஒரு ஒற்றை போட்டோ இருந்தது. கிரகப் பிரவேசத்தன்று எடுத்தது. அரக்கு நிறப் பட்டுப் புடவை, தலை கொள்ளாத கனகாம்பரம், முகத்தில் சரியான வெளிச்சம். தன்னிடம் இருக்கிற போட்டோக்களிலேயே தான் அழகாக இருப்பது அதில்தான் என்று அவளுக்கு எண்ணம். உண்மையும்தான். அதைப் பெரிசாக்கி ஹாலில் மாட்ட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசை.

மாமா விடமாட்டார். "இரு ராஜி... அதுக்குன்னு ஒரு நேரம் வரும்."

"யாருக்கு மொதல்ல வருதுன்னு பாப்போம்" என்பாள் அக்கா.

இப்போது சினிமாக்காரர்களே வந்து கேட்கிறார்கள். தாங்களே பெரிசாக்கி, ஃபிரேம் போட்டு, மாட்டியும் வைக்கிறோம் என்கிறார்கள். விடுவாளா? பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். 'இருந்தாங்க' என்று அந்தத் தம்பி சொன்னது அவள் காதில் விழவே இல்லை. போட்டோ என்று சொன்னது மட்டும் விழுந்தது.

படம் ஒரு தினுசான படம். கேமரா ஒரே ஆட்டமாக ஆடும். நிஜத்தில் நடந்ததை யாரோ ஓடிக்கொண்டே செல்போனில் எடுத்த மாதிரி. நம்பகமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அக்கம்பக்கத்தில் நிஜமாகவே குடியிருக்கிறவர்களிடம் மைக்கை நீட்டிப் பேட்டி வேறு எடுத்திருந்தார்கள். எதிர் வீட்டு பிலோமினா டீச்சரும் பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டுகிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அந்த வீட்ல ராத்திரியானா ஒரு சத்தம் வரும் சார். நின்னு நின்னு வரும். எங்களால கண்ணு மூட முடியாது."

ரிலீஸ் அன்று கடலூர் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க எங்கள் ஆட்கள்தான். அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "நான் நடிக்கல... ஆனா படத்துல இருக்கேன்."

திரையில் முதல் எழுத்தே 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது'. வரிசையில் எல்லோரும் கைதட்டினோம். எங்கள் வீடு வந்தது, விசில் அடித்தோம். படிக்கட்டு வந்தது. பிலோமினா டீச்சர் வந்தார், பயங்கரக் கைதட்டல்.

பிறகு ஹால் வந்தது.

வாசலுக்கு நேராக உயரத்தில் அக்கா. அரக்குப் பட்டு, கனகாம்பரம், சிரித்த முகம். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கழுத்தில்... சந்தன மாலை. பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

பின்னணியில் ஒரு கரகரத்த குரல்: "செத்த பிறகும் அவள் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை."

எங்கள் வரிசையில் கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. கடைசியில் மாமாதான் மெதுவாகச் சொன்னார்: "போட்டோ நல்லாதான் விழுந்திருக்கு."

வெளியே வந்ததும் பிலோமினா டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ராஜி, மாதா சத்தியமா சொல்றேன்... ராத்திரில சத்தம் ஏதாச்சும் வருமான்னு கேட்டாங்க. நான் பாலகிருஷ்ணன் சாரோட கொறட்டையதான் சொன்னேன்!"

அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்று சாயந்திரம் சிதம்பரத்தில் இருந்து போன் வந்தது.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, அருண். அவனுக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்துப் பூ வைத்தாகிவிட்டது. முகூர்த்த நாள் குறிப்பதுதான் பாக்கி. பெண் பெயர் கார்த்திகா. அப்பா சபாநாயகம் மேலவீதிப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அம்மா தமயந்தி.

அவர்கள் முன்பே மஞ்சக்குப்பம் வந்து வீடு பார்த்து, கை நனைத்துவிட்டுப் போனவர்கள். நம் பக்கம் அது பெரிய விஷயம். மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிடக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை தண்ணீரோடு சரி. அன்றைக்கு அந்த ஹாலில் இலை போட்டு, அக்காதான் பரிமாறினாள். "சம்பந்தி கையால பாயசம் இன்னொரு கரண்டி" என்று தமயந்தி அம்மாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"படத்துல நான் வர்றேன் சம்பந்தி, மறக்காம பாருங்க" என்று ரிலீசுக்கு முந்தின நாள் அக்காவே அவருக்கு போன் செய்திருந்தாள். ஆக, கடலூரில் நாங்கள் பார்த்த அதே மேட்னியை, சிதம்பரம் தியேட்டரில் அவர்களும் பார்த்திருக்கிறார்கள். தமயந்தி அம்மாள் இன்டர்வெல்லில் எழுந்தவர், திரும்பி உள்ளே போகவில்லை. ஏனென்றால் படத்தில் வருகிற பேய் ஒரு மாமியார். அது குறி வைப்பது புதிதாக வந்த மருமகளை.

போனில் சபாநாயகம் சார்தான் பேசினார். "வீட்ல... கொஞ்சம் யோசிக்கலாம்னு சொல்றாங்க சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் அருணுக்குத் தாய்மாமன். நம் ஊரில் கல்யாணம் நடக்கும்போது தாய்மாமனுக்கு மாலை, மோதிரம். கல்யாணம் நிற்கும்போது தாய்மாமனுக்கு பஸ் பயணம். மறுநாள் காலையிலேயே மாமாவும் நானும் சிதம்பரம் போய் இறங்கினோம்.

காபி வந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன். தமயந்தி அம்மாள் எதிரில் உட்கார்ந்தார்.

"சினிமான்னு எனக்குத் தெரியாதாங்க? நான் என்ன சின்னப் புள்ளையா? ஆனா..."

"ஆனா?" என்றேன்.

"அதே ஹால்லதானே நாங்க உக்காந்தோம்? அதே படிக்கட்டுதானே? அதே அம்மாதானே எனக்குப் பாயசம் ஊத்தனாங்க?"

"ஆமாங்க" என்றார் மாமா. "உசுரோடதான் ஊத்தனா."

"அவுங்க நல்லாருக்கணுங்க. நூறு வருசம் இருக்கட்டும். ஆனா... மாலை போட்டாச்சே! மாலை போட்ட அந்த மொகத்தப் பாத்தாச்சே! இனிமே அவுங்க என் பொண்ணு தலையில அட்சதை போடும்போது எனக்கு எது ஞாபகத்துக்கு வரும்?"

மாமா தொண்டையைச் செருமினார். "உண்மைச் சம்பவம்னு போடுறதெல்லாம் சும்மாங்க. அந்த வூட்ல இத்தினி வருசமா இருக்கேன்... ஒரு பேயக்கூட நான் பாத்ததில்ல."

"பாத்தவுங்க யாருங்க வெளிய சொல்லிக்குவாங்க?"

மாமா காபியைக் குடித்தார். நான் சபாநாயகம் சாரைப் பார்த்தேன். அவர் பாவமாக என்னைப் பார்த்தார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மட்டும் ரகசியமாகச் சொன்னார்: "ஃபியூஸ் போச்சுன்னா நான் மாத்திடுவேன் சார். இது நம்ம லைன் இல்ல."

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். 'சினிமான்னு தெரியும்... ஆனா' — இந்த 'ஆனா' யாரிடம்தான் இல்லை? வில்லனாக நடிக்கிறவர் கடைத் திறப்பு விழாவுக்கு வந்தால் நாம் கொஞ்சம் தள்ளித்தானே நிற்கிறோம்? சீரியலில் சொத்தை எழுதி வாங்கின அண்ணியை ஜவுளிக்கடையில் பார்த்து "நல்லாருப்பியா நீ?" என்று கேட்டவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் நம்பமாட்டோம். திரையில் 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்துப் போட்டால் நம்பிவிடுவோம். எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கிறதோ, அவ்வளவு உண்மை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். அக்கா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன்டா... நான் ஆசப்பட்டது ஒரே ஒரு போட்டோ. அதுக்குப் போயி எம்புள்ள கல்யாணம் நிக்கணுமா?"

மாமா அடுப்படிக்குப் போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அடுப்படிப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சொம்போடு கொண்டுவந்தார்.

அக்கா தண்ணீரைக் குடித்தாள். முகத்தைத் துடைத்தாள். "அவுங்க படத்த முழுசாப் பாத்தாங்களா?"

"இன்டர்வெல்லோட வந்துட்டாங்களாம்."

"பாதிப் பேயத்தான் பாத்திருக்காங்க. அதுக்குள்ள எம்மேல என்னா கோவம்? மீதிய யாரு பாக்குறது? நானும் கூட உக்காந்து பாக்குறேன். என்னை வச்சிக்கிட்டே சொல்லட்டும், நான் யாருன்னு."

இதற்கு உள்ளுக்குள் இருந்து உதவி செய்தது யார் தெரியுமா? கல்யாணப் பெண்ணேதான். அருண் போனில் விஷயத்தைச் சொல்ல, கார்த்திகா அவள் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: "அந்த மருமகளுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமாம்மா உனக்கு?"

பெண்ணைப் பெற்றவர். தெரியாமல் எப்படித் தூங்குவார்? மறுநாள் மேட்னிக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் வருவது மட்டும் அவருக்குத் தெரியாது.

நெல்லிக்குப்பத்தில் இருந்து நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், முன்னால் வரிசையாகக் கரும்பு டிராக்டர்கள். ஆலை ஓடுகிற சீசனில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் முந்த முடியாது. மஞ்சக்குப்பம் போய் அக்காவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு, சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது படம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே கும்மிருட்டு. கார்த்திகா செல்போன் வெளிச்சத்தை லேசாகக் காட்டினாள். அவள் அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒரு சீட்டைக் காலியாக வைத்திருந்தாள். அக்கா சத்தம் இல்லாமல் போய் உட்கார்ந்தாள். நானும் மாமாவும் நேர் பின் வரிசையில்.

தமயந்தி அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? திரையில் படிக்கட்டு முனகிக்கொண்டிருந்தது.

"கார்பென்டரக் கூப்புட்டிருந்தா இந்தப் படமே இல்ல மச்சான்" என்று மாமா என் காதில் சொன்னார்.

படிக்கட்டுச் சத்தம் நின்றது. கேமரா மெதுவாக ஹாலுக்குள் திரும்பியது. சிவப்பு பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. மருமகள் திரும்பாமல் பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்தாள்... சுவரில் மாட்டிய போட்டோவின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. தியேட்டரே கத்தியது.

தமயந்தி அம்மாள் "முருகா!" என்று, பக்கத்தில் இருந்த கையை எட்டிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். விடவில்லை.

அது யார் கை? பேயோட கை!

இன்டர்வெல். விளக்கு வந்தது.

தான் பிடித்திருக்கிற கையை அவர் முதலில் பார்த்தார். கண்ணாடி வளையல், தங்க வளையல், மறுபடி கண்ணாடி வளையல்... மகள் கை இல்லை. பார்வை மெதுவாக மேலே ஏறியது. முழங்கை, தோள், கழுத்து. பிறகு அதே முகம். அதே பொட்டு.

மாமா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார். முன் வரிசையில் இருந்த ஒரு பையன் தற்செயலாகத் திரும்பி, "டேய்... பேய் பின்னாடி உக்காந்திருக்குடா!" என்று அலறினான். பாப்கார்ன் மேலே பறந்தது. தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்று எங்களைப் பார்த்தது.

தமயந்தி அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையையும் விடவில்லை.

"சம்பந்தி..." என்றார். "கை சூடா இருக்கே."

"பின்ன? சில்லுனு இருக்கும்னு நெனச்சீங்களா?" என்றாள் அக்கா.

"நீங்க ஏன் கைய உருவிக்கல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் பயமா இருந்துச்சிங்க."

அப்புறம் தமயந்தி அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பேயப் புடிச்சிக்கிட்டே பேய்க்குப் பயந்திருக்கேன் பாருங்க!" அக்காவும் சேர்ந்துகொண்டாள். சிரிக்கும்போது இரண்டு பேரும் ஒரே முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். யாருடைய முந்தானை என்று இருவருக்குமே தெரியவில்லை.

இரண்டாம் பாதி ஓடியது. கதையில் ஒரு திருப்பம் வைத்திருந்தார்கள். பேய் மருமகளைக் கொல்ல வரவில்லையாம். அவளைக் கொல்ல வந்தவனிடம் இருந்து காப்பாற்றத்தான் அங்கேயே இருந்ததாம். கடைசியில் அந்த வில்லனைப் படிக்கட்டில் உருட்டிவிட்டு, போட்டோவுக்குள் திரும்பிப் போய்ச் சிரிக்கிறது.

தமயந்தி அம்மாள் அக்காவின் தோளைத் தொட்டார். "மருமவளக் காப்பாத்திட்டீங்க சம்பந்தி!"

"பின்ன, விட்டுடுவேனா?" என்றாள் அக்கா.

சினிமா என்று இருவருக்கும் தெரியும். ஆனால்... சரி, விடுங்கள். அந்த 'ஆனா'தானே பிரச்சினையைக் கிளப்பியது? அதுவே முடித்தும் வைத்தது.

வெளியே செல்பி எடுக்க ஒரே கூட்டம். "தள்ளுங்கப்பா, தள்ளுங்க... எங்க சம்பந்தி அவுங்க" என்று கையை விரித்து வழி செய்துகொண்டு முன்னால் போனது யார்? தமயந்தி அம்மாள்தான். நேராக அவர்கள் வீட்டுக்குப் போனோம். இட்லியும் சிதம்பரம் கொத்சும். அக்கா இன்னொரு கரண்டி கொத்சு கேட்டு வாங்கினாள். சபாநாயகம் சார் சாப்பிடாமல், எங்கள் முகத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தை மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது.

தமயந்தி அம்மாள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "சினிமாக்காரங்க அந்த போட்டோவத் திருப்பிக் குடுத்தாங்கன்னா ஹால்ல மட்டும் மாட்டிடாதீங்க."

திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாலையைக் கழற்றி, பொட்டைத் துடைத்து, மாமா அதை மாடி அறையில், சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருக்கிறார்.

உழவர் சந்தையில் சுரைக்காய் விழுந்த அன்று, அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் மஞ்சக்குப்பம் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் மாடிக்குப் போயி வடகத்த அள்ளிக்கிட்டு வாடா" என்றாள் அக்கா.

"இப்பத்தானேக்கா உக்காந்தேன். நீ போயேன்."

"அந்த ரூம் வழியா போவணும்டா."

"ரூம்ல என்ன இருக்கு?"

அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேனே!"